கெர்னலை மாற்றுவதா, உள்ளதைத் திருத்துவதா? ஆண்ட்ராய்டில் சார்ஜ் நிற்பதற்கான நான்கு வழிகள்

கைபேசியில் சார்ஜ் நிற்பதில்லை என்று சொல்பவர்கள் எல்லாரும் ஒரே குறையைச் சொல்வதில்லை. திரை எரிந்துகொண்டிருக்கும்போது சதவீதம் மளமளவென்று இறங்குவது ஒரு குறை. இரவு மேசைமேல் வைத்துவிட்டுப் படுத்து, காலையில் எடுத்துப் பார்த்தால் யாரும் தொடாத கைபேசியில் எட்டோ பத்தோ சதவீதம் காணாமல் போயிருப்பது வேறொரு குறை. இவ்விரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இருந்தும் கஸ்டம் கெர்னல் (கைபேசியின் வன்பொருளை இயக்கும் மையநிரலான கெர்னலைப் பிறர் திருத்திக் கட்டிய வடிவம்) என்ற சொல் காதில் விழுந்ததும், இரண்டுக்கும் அதுவே மருந்து என்று எண்ணி, கைபேசி தொடங்கும்போது எதை ஏற்றலாம் என்று காவல் காக்கும் பூட்லோடரைத் திறக்கக் கிளம்பிவிடுகிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படிக் கிளம்பியவன்தான்.

முன்னால் இருக்கும் வழிகளை நான்காகப் பிரித்துக்கொள்ளலாம். ரூட் செய்யாமல் (கைபேசியின் முழு நிர்வாக அதிகாரத்தைப் பெறாமல்), கைபேசியோடு வந்த கெர்னலையும் தொடாமல், ஆண்ட்ராய்டு தரும் அமைப்புகளை மட்டும் கொண்டு சமாளிப்பது முதல் வழி. ரூட் செய்துகொண்டு, அதே கெர்னலை வைத்துக்கொண்டே அதன் திருகாணிகளை, அதாவது மாற்றக்கூடிய எண்களை, மட்டும் திருத்துவது இரண்டாவது. யாரோ ஒருவர் அந்தக் கைபேசிக்கென்று கட்டி வெளியிட்ட கஸ்டம் கெர்னலைக் கைபேசியில் எழுதி ஏற்றுவது, அதாவது ஃபிளாஷ் செய்துகொள்வது மூன்றாவது. மூலநிரலை எடுத்து நாமே கெர்னலைக் கட்டுவது, மின்னழுத்தத்தைக் குறைப்பது என்று ஆழத்தில் இறங்குவது நான்காவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இவற்றில் எது உங்களுக்கு உகந்தது என்பதை உங்கள் ஆர்வமோ திறமையோ தீர்மானிப்பதைவிட, உங்கள் கைபேசி எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பதே பெரிதும் தீர்மானிக்கிறது. கெர்னலைத் திருத்துபவருக்குச் சில்லு விட்டுவைத்திருந்த இடம் ஆண்டுக்கு ஆண்டு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது.

எங்கே ஒழுகுகிறது என்று முதலில் பார்ப்பது

எதையும் மாற்றுவதற்குமுன் ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 4000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள ஒரு பேட்டரியை எடுத்துக்கொள்வோம். கைபேசி ஆழ்உறக்கத்தில் இருக்கும்போது 10 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றும், திரை அணைந்தும் உறங்காமல் விழித்துக் கிடக்கும்போது 100 மில்லி ஆம்பியர் இழுக்கிறது என்றும் உதாரணத்துக்கு வைத்துக்கொண்டால், எட்டு மணி நேரம் முழுக்க உறங்கிய கைபேசி 80 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 2 சதவீதம் மட்டுமே இழக்கும். காலையில் 8 சதவீதம் போயிருந்தால் 320 மில்லி ஆம்பியர்-மணி செலவாகியிருக்கிறது என்று பொருள். சராசரி 40 மில்லி ஆம்பியர். இந்தச் சராசரி வர வேண்டுமானால், இரவின் மூன்றில் ஒரு பங்கு, கிட்டத்தட்ட இரண்டே முக்கால் மணி நேரம், கைபேசி உறங்காமல் விழித்திருக்க வேண்டும். இந்த இழப்பை, பிராசசரின் வேகத்தைத் தீர்மானிக்கும் கவர்னரை மாற்றியோ அதிர்வெண்ணைக் குறைத்தோ மீட்க முடியாது. ஏனெனில் அப்போது பிராசசர் வேகமாக ஓடிக்கொண்டிருக்கவில்லை, உறங்கப் போக விடாமல் யாரோ அதைப் பிடித்து வைத்திருக்கிறார்கள்.

அந்தப் பிடிக்குப் பெயர் வேக்லாக். ஆண்ட்ராய்டுக்காகவே உருவான இந்த ஏற்பாட்டின் ஒரு வடிவம் 2012-இல் வெளிவந்த லினக்ஸ் 3.5-இலேயே, ஆண்ட்ராய்டுக் கெர்னல்களுக்கு மூலமான பொது லினக்ஸ் கெர்னலுக்குள் வந்துவிட்டது. எந்த விழிப்பு மூலம் எத்தனை முறை கைபேசியை எழுப்பியது, எவ்வளவு நேரம் உறக்கத்தைத் தடுத்தது என்பதையெல்லாம் கெர்னல் ஓர் அட்டவணையாக எழுதிவைக்கிறது. அந்த அட்டவணையில் நாம் பார்க்க வேண்டியது மொத்த நேரம் என்ற பத்தியை அன்று, உறக்கத்தைத் தடுத்த நேரம் என்ற பத்தியை. மொத்த நேரத்தில் திரை எரிந்திருந்த நேரமும் கலந்திருக்கும் என்பதால், அதைப் பார்த்து மிரண்டு ஒன்றும் அறியாத ஒரு வேக்லாக்கின்மேல் பழியைப் போட்டவர்கள் ஏராளம். இந்த அட்டவணையைப் படித்துக் காட்டும் செயலிகள் உண்டு. கணினியில் இணைத்து ஆண்ட்ராய்டின் பேட்டரி அறிக்கையை எடுத்தால் ரூட் இல்லாமலே பெரும்பகுதி தெரிந்துவிடும்.

இதில் ஓர் அனுபவத்தைச் சொல்ல வேண்டும். முன்பு என்னிடமிருந்த ஒரு கைபேசியில் இரவுதோறும் வைஃபை தொடர்பான வேக்லாக் பட்டியலின் உச்சியில் வந்து நின்றது. வேக்லாக்குகளைப் பெயர் சொல்லித் தடுக்கும் போஃப்லா வேக்லாக் பிளாக்கர் என்ற வசதி அப்போது பல கஸ்டம் கெர்னல்களில் இருந்தது. அப்படியொரு கெர்னலை ஏற்றி அந்தப் பெயரைத் தடுப்புப் பட்டியலில் சேர்த்தேன். மறுநாள் காலை இழப்பு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மகிழ்ச்சி மூன்று நாள் நீடித்தது. இரவில் வந்த செய்திகள் ஒன்றுகூட மணி அடிக்காமல், காலையில் திரையைத் தொட்டதும் மொத்தமாக வந்து கொட்டியபோதுதான், நான் நோயை விட்டுவிட்டு வாயைப் பொத்தியிருக்கிறேன் என்பது புரிந்தது. பிறகு துழாவிப் பார்த்ததில், அதே வீட்டு வலையமைப்பில் இருந்த வேறொரு கருவி, தான் இருப்பதைச் சில நொடிகளுக்கு ஒருமுறை எல்லாருக்கும் கூவி அறிவித்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு கூவலுக்கும் கைபேசி கண் விழித்தது. அந்தக் கருவியைத் தனி வலையமைப்புக்கு மாற்றியதும் சிக்கல் தீர்ந்தது. அதற்குக் கெர்னலும் தேவைப்படவில்லை, ரூட்டும் தேவைப்படவில்லை.

இப்படி ஐயம் இருப்பவர்கள் செய்து பார்க்கக்கூடிய எளிய சோதனை, ஓர் இரவு வழக்கம்போலவும் அடுத்த இரவு விமானப் பயன்முறையிலும் கைபேசியை வைத்து இழப்பை ஒப்பிடுவது. விமானப் பயன்முறையில் இழப்பு ஒன்று, இரண்டு சதவீதத்துக்கு இறங்கிவிட்டால், குற்றவாளி வலையமைப்பிலோ அதைப் பயன்படுத்தும் செயலிகளிலோ இருக்கிறது. அப்போதும் இறங்காவிட்டால்தான், உள்ளே ஏதோ ஒரு செயலியோ டிரைவரோ (ஒரு வன்பொருள் பகுதியை இயக்கும் நிரல்) உறங்க விடாமல் செய்கிறது என்ற முடிவுக்கு வரலாம். குற்றம் டிரைவரிடம் என்றால்தான் வேறு கெர்னலைப் பற்றி யோசிப்பதில் பொருளுண்டு.

ரூட் இல்லாத வழி

முதல் வழியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் அதைக் குறைத்து மதிப்பிடுவதுதான் இந்தத் துறையின் பொதுவான தவறு. 2015-இல் ஆண்ட்ராய்டு 6.0 கொண்டுவந்த டோஸ் என்னும் ஏற்பாடு, அசையாமல் கிடக்கும் கைபேசியில் செயலிகளின் பின்னணி வேலைகளை ஒதுக்கப்பட்ட சிறு இடைவெளிகளுக்குள் அடைத்தது. அடுத்த ஆண்டு 7.0 அதன் மென்மையான வடிவத்தை, சட்டைப்பையில் நடந்துகொண்டிருக்கும் கைபேசிக்கும் நீட்டித்தது. 2018-இல் வந்த 9, செயலிகளை அவை எவ்வளவு அடிக்கடி பயன்படுகின்றன என்பதைப் பார்த்துத் தொட்டிகளாகப் பிரித்தது. பழைய கஸ்டம் கெர்னல்கள் எந்தக் காரணத்துக்காகக் கொண்டாடப்பட்டனவோ, அதில் பெரும்பகுதியை ஆண்ட்ராய்டே எடுத்துக்கொண்டுவிட்டது. நாம் செய்ய வேண்டியது, டோஸிலிருந்து விலக்குப் பெற்ற செயலிகளின் பட்டியலைத் திறந்து பார்த்துத் தேவையற்றவற்றை நீக்குவதும், திரையின் புதுப்பிப்பு வேகத்தை 60 ஹெர்ட்ஸுக்கு இறக்கிப் பார்ப்பதும், 5ஜி சிக்னல் தடுமாறும் இடங்களில் 4ஜியோடு நிறுத்திக்கொள்வதும்தான். திரையும் ரேடியோவும் இழுக்கும் மின்சாரத்தைப் பிராசசரில் செய்யும் எந்தத் திருத்தமும் ஈடுகட்டாது.

உள்ள கெர்னலையே திருத்துவது

இரண்டாவது வழிக்கு வருவோம். அளவாகச் செய்தால் நல்ல பலன் தருவதும், அளவு மீறினால் ஏமாற்றுவதும் இதுதான். பிராசசர் எந்த நேரத்தில் எந்த அதிர்வெண்ணில் ஓட வேண்டும் என்று முடிவெடுக்கும் பகுதிக்குக் கவர்னர் என்று பெயர். ஆரம்பக் காலத்தில் ஆன்டிமாண்ட் இருந்தது. பிறகு ஆண்ட்ராய்டுக்காகவே எழுதப்பட்ட, பொதுக் கெர்னலுக்குள் ஒருபோதும் சேர்க்கப்படாத இன்டராக்டிவ் வந்தது. இன்டராக்டிவில் திருகாணிகள் அதிகம்: சுமை வந்ததும் எந்த அதிர்வெண்ணுக்குத் தாவுவது, அதற்கு மேலே ஏறுவதற்குமுன் எவ்வளவு நேரம் பொறுப்பது, ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் எத்தனை சதவீதச் சுமையை இலக்காக வைப்பது என்று பத்துக்கும் மேற்பட்ட எண்களை வைத்துக்கொண்டு ஆளாளுக்கு ஒரு மந்திர எண்வரிசை வெளியிட்டார்கள். அந்த எண்களுக்கு அன்று உண்மையிலேயே பலன் இருந்தது. தாவும் அதிர்வெண்ணைக் குறைத்து, மேலேறும் பொறுமையைக் கூட்டினால், படிக்கும்போதும் செய்தி அனுப்பும்போதும் பிராசசர் தேவையில்லாமல் உச்சிக்குப் போவது நின்றது.

2016-இல் லினக்ஸ் 4.7-உடன் வந்த ஸ்கெட்யூட்டில் என்னும் கவர்னர் இந்த விளையாட்டை மாற்றிவிட்டது. அது சுமையைத் தானாக அளப்பதில்லை. எந்த வேலையைப் பிராசசரின் எந்தக் கோருக்கு (தனித்தியங்கும் பகுதிக்கு) அனுப்புவது என்று முடிவு செய்யும் ஷெட்யூலரிடமிருந்தே நேரடியாகக் கேட்டுக்கொள்கிறது. கேட்ட அளவோடு நான்கில் ஒரு பங்கு கூடுதலாகச் சேர்த்து அதிர்வெண்ணைக் கணக்கிடுகிறது. அதனால் ஒரு கோரின் முழுத் திறனில் 80 சதவீதம் தேவைப்பட்டாலே அது உச்ச அதிர்வெண்ணைக் கேட்டுவிடும். இதோடு, 2019-இல் லினக்ஸ் 5.0-இல் முழுமையாகச் சேர்ந்த, அதற்கு முன்பே சில கைபேசிகளில் இடம்பெற்றிருந்த ஆற்றலறிந்த ஷெட்யூலிங், எந்தக் கோரில் ஓடினால் செலவு குறைவு என்பதை ஓர் ஆற்றல் அட்டவணையைப் பார்த்துத் தீர்மானிக்கிறது. இங்கே நமக்கு மிஞ்சியிருக்கும் திருகாணிகள் சில மட்டுமே. ஆண்ட்ராய்டுக் கெர்னல்கள் பலவற்றில் அதிர்வெண் ஏறுவதற்கும் இறங்குவதற்கும் தனித்தனிக் கால வரம்பு உண்டு; பொதுக் கெர்னலில் இரண்டுக்கும் ஒன்றேதான். இறங்கும் வரம்பைக் குறைத்தால், ஒரு சிறு வேலை முடிந்த பிறகு பிராசசர் வீணாக மேலேயே நிற்கும் நேரம் குறையும். பின்னணிச் செயலிகளைச் செலவு குறைந்த சிறிய கோர்களுக்குள் மட்டும் அடைத்து வைக்கலாம். திரையைத் தொட்டவுடன் அதிர்வெண்ணை உயர்த்தும் பூஸ்டைக் குறைக்கலாம். ஆனால் அதைச் சுழியமாக்கினால் விரலோடு திரை ஒட்டி வராது.

இவற்றைவிடப் பலன் தருவது உச்ச அதிர்வெண்ணுக்கு ஒரு தொப்பி போடுவது. காரணம் கணக்கில் இருக்கிறது. பிராசசர் இயங்கும்போது செலவாகும் மின்திறன், அதிர்வெண்ணோடு நேராகவும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் ஏறுகிறது. அதிர்வெண்-மின்னழுத்த அட்டவணையின் கடைசிப் படிகளுக்கு மின்னழுத்தம் கூடுதலாகத் தேவைப்படுகிறது. ஒரு பெரிய கோர் 2.8 கிகாஹெர்ட்ஸுக்கு 1.0 வோல்ட்டும், 2.0 கிகாஹெர்ட்ஸுக்கு 0.8 வோல்ட்டும் கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதே வேலையைக் கீழ்ப்படியில் செய்தால் நேரம் 1.4 மடங்கு ஆகும். ஆனால் செலவாகும் ஆற்றல் 0.8-இன் இருமடி, அதாவது 64 சதவீதம்தான். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மிச்சம். அப்படியானால் இன்னும் கீழே போனால் இன்னும் மிச்சமாகுமே என்று தோன்றும். அங்கேதான் கணக்கு திரும்புகிறது. கீழ்ப்படிகளில் மின்னழுத்தம் ஓர் அடிமட்டத்தைத் தொட்டு அங்கேயே நின்றுவிடும். அதற்குக் கீழே அதிர்வெண்ணைக் குறைப்பதால் வேலை நீள்வதைத் தவிர வேறு பயனில்லை. வேலை நீளும்வரை நினைவகமும், கசியும் மின்சாரமும், எரியும் திரையும் தம் பங்கை வாங்கிக்கொண்டே இருக்கும். பவர்சேவ் என்ற பெயரைப் பார்த்து மயங்கி, பிராசசரை எப்போதும் அடிப்படியிலேயே ஓட்டும் அந்தக் கவர்னரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்குச் சார்ஜும் நிற்காமல் கைபேசியும் ஊர்ந்தது இதனால்தான். தொப்பியைப் பெரிய கோர்களின் அதிர்வெண் படிகளில் மேல் மூன்றில் ஒரு பங்கில் போடுங்கள். சிறிய கோர்களைத் தொடாதீர்கள்.

இந்த வழியின் எரிச்சல், நாம் எழுதிய எண்களைக் கைபேசி நிறுவனத்தின் சொந்தச் செயல்திறன் சேவை பின்னணியில் வந்து அழித்து எழுதுவது. ஒரு விளையாட்டைத் திறந்து மூடினாலே நம் தொப்பி கழன்றிருக்கும். மாற்றிய எண்ணை ஒரு மணி நேரம் கழித்து மறுபடி படித்துப் பார்க்காதவர், தான் எதையோ மாற்றிவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பார். கைபேசியை அணைத்து எழுப்பினால் எல்லாம் பழையபடி ஆகிவிடும் என்பது குறையாகச் சொல்லப்படுவதுண்டு. எனக்கு அது பாதுகாப்பாகவே படுகிறது. எந்தப் பிழை செய்தாலும் ஒரு ரீஸ்டார்ட் தூரத்தில் மீட்சி இருக்கிறது.

பிறர் கட்டிய கெர்னல்

மூன்றாவது வழியை எடைபோட, கஸ்டம் கெர்னலின் அறிவிப்புப் பட்டியலை வரிவரியாகப் படிக்கத் தெரிய வேண்டும். பட்டியல் நீளமாக இருக்கும். சார்ஜோடு தொடர்புள்ளவை சிலவே. சேமிப்பகத்தைக் கையாளும் ஐஓ ஷெட்யூலர் ஏழு வகை, இணையப் போக்குவரத்துக்கான டிசிபி நெரிசல் கட்டுப்பாடு பத்து வகை என்பவையெல்லாம் எண்ணிக்கைக்காகச் சேர்ந்தவை. அவற்றை மாற்றி யாருடைய பேட்டரியும் அரை மணி நேரம்கூட நீண்டதாக நான் கண்டதில்லை. மாறாக, பிழைகாணும் பதிவுகளை நிறுத்தியிருப்பது, உறங்கும் கோரை எழுப்பாமல் விழித்திருக்கும் கோரிலேயே சில்லறை வேலைகளை முடித்துக்கொள்ளும் பவர் எஃபிஷியன்ட் ஒர்க்கியூ அமைப்பை இயக்கியிருப்பது, ஆற்றல் அட்டவணையைச் சோம்பலாக நகலெடுக்காமல் அந்தச் சில்லில் அளந்து திருத்தியிருப்பது, டிரைவர்களின் உறக்கக் கோளாறுகளைச் சரிசெய்திருப்பது ஆகியவை அமைதியான வரிகளாக எங்கோ நடுவில் இருக்கும். அவைதான் சாரம்.

இதில்தான் தலைமுறைக் கணக்கு முழுமையாக வேலை செய்கிறது. 2013-இன் ஸ்னாப்டிராகன் 800 போன்ற சில்லுகளில் அதிர்வெண்-மின்னழுத்த அட்டவணை கெர்னலுக்குள்ளேயே இருந்தது. கெர்னலைக் கட்டுபவர் அதை முழுதாக மாற்றி எழுத முடிந்தது. கோர்களை அணைத்து எழுப்பும் ஹாட்பிளக் முறைகளைக்கூட ஒவ்வொருவரும் தமக்குப் பிடித்தபடி எழுதினார்கள். பிறகு சில்லே தன் தேவையை அளந்து மின்னழுத்தத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு பரவியது. 2018-இல் கைபேசிகளில் வந்த ஸ்னாப்டிராகன் 845-இலிருந்து அந்த அட்டவணையைக் கெர்னல் விழிப்பதற்கு முன்பே ஃபர்ம்வேர் (வன்பொருளோடு வரும் உள்நிரல்) அமைத்துவிடுகிறது. கெர்னல் அதைப் படித்து, எந்தப் படி வேண்டும் என்று கேட்க மட்டுமே முடியும். ஆண்ட்ராய்டு 12-உடனும் லினக்ஸ் 5.10 கெர்னலுடனும் அறிமுகமான கைபேசிகளிலிருந்து, கூகுள் கட்டித்தரும் ஒரே ஆண்ட்ராய்டுப் பொதுக் கெர்னல் ஒரு பக்கமும், நிறுவனத்தின் டிரைவர்கள் மாட்யூல்கள் என்னும் தனிக் கோப்புகளாக மறுபக்கமும் பிரிந்து நிற்கின்றன. சார்ஜைத் தின்னும் கோளாறுகள் பெரும்பாலும் மாட்யூல்களின் பக்கத்தில் இருக்க, நாம் எளிதில் மாற்றக்கூடியதோ பொதுப் பக்கம் மட்டும். ஜிகேஐ என்று அழைக்கப்படும் இந்த ஏற்பாட்டில் கெர்னலை மாற்றுவது முன்னைவிட எளிது, மாற்றுவதால் சார்ஜில் கிடைக்கும் பலன் முன்னைவிடக் குறைவு. மற்ற நிறுவனங்களின் சில்லுகளில் ஆண்டுகள் முன்பின்னாக இருக்கும்; போகும் திசை ஒன்றுதான்.

ஆகவே 2018-க்கு முந்தைய கைபேசி உங்கள் கையில் இருந்து, அதற்கு நன்றாகப் பராமரிக்கப்பட்ட கஸ்டம் கெர்னலும் கிடைக்குமானால், மூன்றாவது வழியைத் தயங்காமல் சொல்வேன். இன்டராக்டிவோடு வந்த பழைய கைபேசிக்கு ஆற்றலறிந்த ஷெட்யூலிங்கைப் பின்னோக்கிக் கொண்டுவந்து சேர்த்தவர்களின் உழைப்பு, அன்றாடப் பயன்பாட்டில் கண்ணுக்குத் தெரியும். 2018-க்கும் 2021-க்கும் இடைப்பட்டதற்கு இரண்டாவது வழி போதும். மேலே சொன்ன டிரைவர் கோளாறு உறுதியாகத் தெரிந்தால் மட்டும் மூன்றாவதைப் பார்க்கலாம். அதற்குப் பிந்தையதற்கு, சார்ஜுக்காக மட்டும் பூட்லோடரைத் திறக்க நான் சொல்லமாட்டேன்.

பராமரிப்பு என்ற சொல்லை மேலே வேண்டுமென்றேதான் போட்டேன். லினக்ஸின் நீண்டகால ஆதரவுக் கிளைகளில் 4.14-க்கான திருத்தங்கள் 2024 ஜனவரியிலும், 4.19-க்கானவை அதே ஆண்டு டிசம்பரிலும் நின்றுவிட்டன. பழைய கைபேசிகளில் பெரும்பாலானவை இந்தக் கிளைகளிலோ இவற்றுக்கும் முந்தையவற்றிலோதான் ஓடுகின்றன. கெர்னலைக் கட்டியவர் வேறு கைபேசிக்கு மாறிப் போய்விட்டால், அன்றோடு உங்கள் கெர்னலின் பாதுகாப்புத் திருத்தங்களும் நின்றுவிடும். கடைசி வெளியீட்டின் தேதியைப் பாருங்கள். மூலநிரல் வெளியிடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். லினக்ஸின் உரிமம் அதைக் கட்டாயமாக்குகிறது. நிரலைக் காட்ட மறுப்பவரின் கெர்னலை என் கைபேசியில் ஏற்றமாட்டேன்.

மின்னழுத்தத்தைக் குறைக்கும் ஆசை

நான்காவது வழியில் நாமே கட்டுவது என்பது கற்றுக்கொள்வதற்கான வழி. சார்ஜுக்கான வழியாக அதைப் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. கட்டத் தெரிந்தவர் பிறருடைய நல்ல கெர்னலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், தனக்குக் கிடைத்த கூடுதல் பலன் ஓர் இரவின் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுவதைக் காண்பார். மின்னழுத்தத்தைக் குறைக்கும் அண்டர்வோல்ட் பற்றி மட்டும் கொஞ்சம் பேச வேண்டும், ஏனெனில் அதன் கவர்ச்சி பெரிது.

ஒரு கோரின் மின்னழுத்தத்தை 900 மில்லிவோல்ட்டிலிருந்து 850-க்கு இறக்கினால், இருமடிக் கணக்கின்படி அதன் இயக்கச் செலவு ஏறத்தாழ 11 சதவீதம் குறைகிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. ஆனால் திரை எரியும் நேரத்தில் மொத்தச் செலவில் பிராசசரின் பங்கு ஐந்தில் ஒன்று என்று வைத்தால், கைக்கு வருவது 2 சதவீதம். ஆறு மணி நேரம் நிற்கும் கைபேசி ஏழெட்டு நிமிடம் கூடுதலாக நிற்கும். இதற்கு விலையாக நாம் கொடுப்பது, தொழிற்சாலையில் வெப்பத்துக்கும் முதுமைக்கும் ஒதுக்கி வைத்த பாதுகாப்பு இடைவெளியை. நான் ஒரு பழைய கைபேசியில் எல்லாப் படிகளையும் 25 மில்லிவோல்ட்டாக இருமுறை இறக்கினேன். கடுமையான சோதனைச் செயலிகளையெல்லாம் ஓட்டிப் பார்த்தேன், அசையவில்லை. நான்காம் நாள் காலை அலாரம் அடிக்கவில்லை. கைபேசி இரவிலேயே உறைந்து கிடந்தது. முழுச் சுமையில் தாங்கியது, சுமையே இல்லாத நேரத்தில், கோர் உறங்கி எழுந்து அடிப்படியில் காலெடுத்து வைக்கும் அந்தக் கணத்தில் இடறியிருக்கிறது. சோதனைச் செயலிகள் உச்சியைத்தான் சோதிக்கின்றன. அடிப்படியைச் சோதிப்பது இரவுதான். செய்தே ஆக வேண்டும் என்பவர்கள் கீழ்ப்படிகளை அப்படியே விட்டுவிட்டு, மேல்படிகளை மட்டும் சிறிது சிறிதாக இறக்குவது நல்லது. புதிய ஸ்னாப்டிராகன்கள் சிலவற்றில் கிராபிக்ஸ் பகுதியின் அட்டவணையைக் கோனாபெஸ் போன்ற கருவிகொண்டு இன்னும் திருத்த முடிகிறது. நீண்ட நேரம் விளையாடுபவர்களுக்கு அதில் பொருளுண்டு, படிப்பவர்களுக்கும் பேசுபவர்களுக்கும் இல்லை.

பூட்லோடர் என்னும் வாசற்படி

நான்கு வழிகளையும் வரிசையாக வைத்துப் பார்க்கும்போது, ஒவ்வொன்றுக்கும் இடையே சம தூரம் இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் முதல் வழிக்கும் மற்ற மூன்றுக்கும் நடுவில்தான் அகழி இருக்கிறது. பூட்லோடரைத் திறந்தால் கைபேசியில் உள்ள எல்லாத் தரவும் அழிக்கப்படும். கைபேசி மாற்றப்படாததா என்று கூகுள் பார்க்கும் பிளே இன்டெக்ரிட்டி சோதனையில் கைபேசி தேறாமல் போவதால், வங்கிச் செயலிகளும் பணப்பரிமாற்றச் செயலிகளும் எந்த நாளிலும் வேலைநிறுத்தம் செய்யலாம். அதைச் சுற்றிக்கொண்டு போகும் வழிகள் இன்று இருக்கும், அடுத்த மாதம் அடைபடும். சாம்சங் கைபேசிகளில் நாக்ஸ் என்னும் மின் உருகி ஒருமுறை எரிந்தால் எரிந்ததுதான், பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது மீளாது. சில கைபேசிகளில் திரைப்படச் சேவைகளின் தெளிவு குறைந்துபோகும். இந்த அகழியைத் தாண்டியவருக்கு இரண்டாவது வழியும் மூன்றாவது வழியும் அக்கம்பக்கத்து வீடுகள். தாண்டாதவர் இரவில் இரண்டு மூன்று சதவீதத்துக்காக மட்டும் தாண்டலாமா என்பதைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். பேட்டரியே நாட்பட்டு உப்பியோ தளர்ந்தோ போயிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமில்லை, புதுப் பேட்டரி மாற்றுவதே வேலை.

எந்த வழியில் போனாலும் அளவீட்டில் நேர்மை வேண்டும். புதுக் கெர்னலை ஏற்றிய முதல் நாளின் வரைபடத்தை நம்பாதீர்கள். ஏற்றியபின் செயலிகள் சில தங்கள் வேலையைப் புதிதாகத் தொடங்கியிருக்கும், நீங்களும் அடிக்கடி திரையைத் திறந்து பார்த்திருப்பீர்கள். ஒரே நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், அதற்குக் குறைந்தது மூன்று இரவுகள், ஒவ்வோர் இரவும் ஏறத்தாழ ஒரே சதவீதத்தில் தொடக்கம் என்று வைத்துக்கொண்டால், எண்கள் ஏதாவது சொல்லத் தொடங்கும். சதவீதத்தைவிட, பேட்டரியின் அளவி மில்லி ஆம்பியர்-மணியில் காட்டும் எண் நம்பத்தக்கது. 90-இலிருந்து 80-க்கு இறங்குவதும் 30-இலிருந்து 20-க்கு இறங்குவதும் எல்லாக் கைபேசியிலும் ஒரே அளவு மின்சாரம் அல்ல.

மூன்றாவது வழியைத் தேர்ந்தவர்கள் ஏற்றுவதற்குமுன், தங்கள் கைபேசியில் இப்போது ஓடும் அதே பில்ட் எண்ணுக்குரிய பூட் இமேஜை (கெர்னல் அடங்கிய கோப்பை) கணினியில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு புதுப்பிப்பு முந்தையதோ பிந்தையதோ ஆனால் வைஃபை எழாமல் போகும். பல கைபேசிகளில், கெர்னலைச் சேமிப்பகத்தில் எழுதாமலே கணினியிலிருந்து ஒருமுறை மட்டும் பூட் செய்து பார்க்க ஃபாஸ்ட்பூட் என்னும் கருவி அனுமதிக்கிறது. அப்படிப் பூட் செய்து கேமரா, அழைப்பு, கைரேகை, புளூடூத் நான்கையும் தொட்டுப் பார்த்து, ஓர் இரவு அப்படியே ஓடவிட்டு, காலையில் உறக்கத்தைத் தடுத்த நேரத்தின் பத்தியைப் பழையதோடு ஒப்பிட்டுவிட்டு, அதன் பிறகு எழுதுங்கள். எண் இறங்காவிட்டால், ஒரு ரீஸ்டார்ட்டில் உங்கள் பழைய கெர்னல் திரும்ப வந்திருக்கும்.